நல்லதங்காளும் நிழல்திரையும்

ஆட்டுத்தோலைச் சுரண்டி, காயவைத்து, உருவங்களாக வெட்டி, வண்ணம் தீட்டி, விளக்குக்கும் வெள்ளைத் துணிக்கும் நடுவே ஆட்டிக் கதை சொல்வது தோற்பாவைக்கூத்து. தமிழ்நாட்டில் இதை நடத்திவருபவர்கள் கணிகர் சமூகத்தின் மண்டிகர் பிரிவினர். வீட்டில் மராத்தி பேசுவார்கள். மேடையில் பேசுவது தமிழ். பத்து நாள் ராமாயணம்தான் அவர்கள் கையிலுள்ள பெரிய கதை. அதற்கு வெளியே ஆடும் தனிக்கதைகளில் அரிச்சந்திரன், மயில்ராவணன் ஆகியவற்றோடு நல்லதங்காளும் உண்டு. தமிழ் நாட்டார் கதைகளில் இதைவிட இருண்ட ஒன்றைக் காட்டுவது கடினம். அதை இன்றைய மேடைக்கு நிழலாட்டமாகக் கொண்டுவர நினைக்கும் இயக்குநர் எதையெல்லாம் தீர்மானிக்க வேண்டியிருக்கும் என்பதே இங்கே பொருள்.

கதை பெரும்பாலானோருக்குத் தெரிந்ததுதான். அர்ச்சுனாபுரத்தில் அண்ணன் நல்லதம்பியோடு செல்லமாக வளர்ந்த நல்லதங்காள், மானாமதுரைக் காசிராஜனுக்கு வாழ்க்கைப்படுகிறாள். ஏழு பிள்ளைகள். பன்னிரண்டு ஆண்டுப் பஞ்சம் வருகிறது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு நடக்கிறாள். அண்ணன் வேட்டைக்குப் போயிருக்கிறான். அண்ணி மூளி அலங்காரி கதவைச் சாத்துகிறாள். பிறகு ஓட்டைப் பானையும் பச்சை விறகும் கொடுத்துப் பொங்கித் தின்னச் சொல்கிறாள். பசியும் அவமானமும் தாங்காமல் நல்லதங்காள் பிள்ளைகளை ஒவ்வொன்றாகக் கிணற்றில் எறிந்து தானும் விழுகிறாள். திரும்பி வந்த அண்ணன் மனைவியையும் அவள் வீட்டாரையும் பழிவாங்கிவிட்டுத் தானும் உயிரை விடுகிறான். சிவனும் பார்வதியும் வந்து எழுப்புவதாகச் சில வடிவங்கள் முடியும். பெரிய எழுத்துப் புத்தகமாகத் திருவிழாக் கடைகளில் விற்ற கதை இது. 1935இலும் 1955இலும் தமிழிலும், 1950இல் மலையாளத்திலும் படமாக வந்தது. விருதுநகர் மாவட்டம் வத்திராயிருப்பு அருகே அர்ச்சுனாபுரத்தில் நல்லதங்காளுக்குக் கோயில் இருக்கிறது.

ஐரோப்பியத் தேவதைக் கதைகளோடு இதை ஒப்பிட்டால் ஒரு வேறுபாடு உடனே தெரியும். கிரிம் சகோதரர்கள் 1812இல் வெளியிட்ட முதல் தொகுதியில், பஞ்சத்தில் ஹான்சலையும் கிரேட்டலையும் காட்டில் விட்டுவரச் சொல்பவள் பெற்ற தாய். 1840ஆம் ஆண்டுப் பதிப்பில் அவள் மாற்றாந்தாயாகிவிட்டாள். நடுத்தர வகுப்பு வீடுகளில் குழந்தைகளுக்குப் படித்துக்காட்ட அதுதான் வசதியாக இருந்தது. நல்லதங்காள் கதையை அப்படி யாரும் தணிக்கவில்லை. கொடுமைக்காரி அண்ணிதான், ஆனால் பிள்ளைகளை எறியும் கை பெற்றவளுடையது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய தாது வருடப் பஞ்சத்தின் நினைவு இருந்த தலைமுறைகளுக்கு, கதையின் அந்த இடம் கற்பனையாகத் தோன்றியிருக்காது.

மேடையில் ஒரு நடிகை உயிருள்ள ஏழு குழந்தைகளைக் கிணற்றில் தள்ளுவதாக நடித்தால் இரண்டில் ஒன்றுதான் நடக்கும்: பார்ப்பவர்கள் கண்ணை மூடிக்கொள்வார்கள், அல்லது மூன்றாவது குழந்தை மெத்தையில் விழும் சத்தம் கேட்டுச் சிரிப்பார்கள். நிழலில் இந்தச் சங்கடம் இல்லை. தோல் துண்டுக்கு வலிக்காது என்று எல்லோருக்கும் தெரியும், தெரிந்தும் அழுகிறார்கள். உடல் இல்லாத இடத்தைக் குரல் நிரப்புகிறது, பார்ப்பவரின் நினைவு மிச்சத்தைச் செய்கிறது. ஜெர்மனியின் லோட்டே ரைனிகர் கறுப்புக் காகித உருவங்களை வெட்டி நிழற்படங்கள் எடுத்தவர். 1926இல் வந்த அவருடைய 'இளவரசர் அக்மதின் சாகசங்கள்' முழுநீள இயங்குபடங்களில் இன்று எஞ்சியிருப்பவற்றிலேயே பழமையானது. அதற்கு முன்பே, 1922இல் அவர் எடுத்த சின்ட்ரெல்லாவில், செருப்பு பொருந்துவதற்காக மாற்றாந்தாயின் மகள் ஒருத்தி தன் பாதத்தையே வெட்டிக்கொள்வதைக் காட்டியிருக்கிறார். ரத்தமும் சதையுமாகக் காட்ட முடியாததைக் காகித நிழலில் காட்ட முடிந்தது.

தோற்பாவை தமிழ்நாட்டுக்கு எப்போது வந்தது என்பதில் ஒரு சிறு குழப்பம் உண்டு. இப்போது ஆடும் குடும்பங்களின் மொழியை வைத்து, 1676க்குப் பிறகான தஞ்சை மராத்தியர் ஆட்சிக் காலத்தில் வந்தவர்கள் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. ஆனால் தோலால் செய்த பாவையின் கூத்தை மாணிக்கவாசகர் திருவாசகத்திலேயே உவமையாக எடுத்தாள்கிறார். ஆகவே கலை இங்கே பழையது. இன்று அதைக் கையில் வைத்திருப்பவர்கள் பின்னால் வந்தவர்கள் என்று கொள்வதே பொருத்தம். இதை முறையாக ஆராய்ந்தவர்களில் இருவர் முக்கியமானவர்கள். குமரி மாவட்டக் கலைஞர்களோடு நெடுநாள் பழகி எழுதியவர் அ.கா. பெருமாள். மற்றவர் மு. இராமசுவாமி, தோல்பாவை நிழற்கூத்தை ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட அவர், மதுரை நிஜ நாடக இயக்கத்தை நடத்திய இயக்குநரும்கூட. நவீன நாடகக்காரர் ஒருவர் பழைய நிழலாட்டத்திடம் பாடம் கேட்டார் என்பது கவனிக்கத்தக்கது. மரபுக் குடும்பங்களிடம் கேட்காமல் இணையத்தில் பார்த்து அட்டையை வெட்டிக்கொண்டு தொடங்கும் முயற்சிகள், பாவையைக் கையில் பிடிக்கும் விதத்திலேயே தடுமாறுவதைக் காணலாம்.

மரபில் தலைமைக் கலைஞர் ஒருவரே எல்லாப் பாவைகளையும் ஆட்டி, எல்லாருக்கும் பேசுவார். குடும்பத்தார் ஆர்மோனியம், மிருதங்கம், ஜால்ராவோடு உடனிருந்து பாடுவார்கள். ஒரே தொண்டையிலிருந்து நல்லதங்காளின் அழுகையும் அலங்காரியின் ஏச்சும் ஏழு பிள்ளைகளின் கெஞ்சலும் வருவதில்தான் ஆட்டத்தின் பலம் இருக்கிறது. புதிதாக இயக்குபவர்கள் முதலில் செய்வது, பாத்திரத்துக்கு ஒரு குரல் என்று பிரித்து ஒலிப்பதிவு செய்துவிடுவது. அப்படிச் செய்ததும் ஆட்டுபவரின் கை குரலுக்குப் பின்னால் ஓடத் தொடங்கும். பாவை பேசுவதாகத் தோன்றாது. பலர் பேசுவதானாலும் திரைக்குப் பின்னாலிருந்து நேரடியாகப் பேசுவது மேல். குறைந்தபட்சம் அந்த ஏழு பிள்ளைகளுக்கும் ஒரே ஆள் பேசட்டும்.

அடுத்தது பாவை. முன்பு மான் தோலிலும் செய்தார்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அந்தப் பேச்சுக்கே இடமில்லை. ஆட்டுத்தோலை முடி நீக்கி, இழுத்துக் கட்டிக் காயவைத்தால் வெளிச்சம் ஊடுருவும் தகடாகிறது. செருப்புத் தோல்போல் பதனிட்டால் அந்த ஊடுருவல் போய்விடும். ஓரங்களிலும் நகைகளிலும் ஆடையிலும் சிறு உளியால் துளைகள் போடுவார்கள். திரையில் அவை ஒளிப்புள்ளிகளாகின்றன. துளைதான் பாவைக்கு நகை. இருண்ட கதைக்கு இதிலேயே ஒரு வழி கிடைக்கிறது. ராமனுக்கு அரண்மனைக்கு ஒரு பாவை, வனவாசத்துக்கு வேறொரு பாவை என்று வைத்திருப்பது மரபு. அதே முறையில் நல்லதங்காளுக்கு மூன்று பாவைகள் செய்யலாம்: உடம்பெல்லாம் துளைகளோடு மணப்பெண், கழுத்திலும் காதிலும் மட்டும் துளைகளோடு பஞ்சத்துத் தாய், ஒரு துளைகூட இல்லாமல் கிணற்றடியில் நிற்பவள். கடைசிப் பாவைக்கு வண்ணமும் வேண்டாம். பார்ப்பவர்கள் காரணத்தைக் கண்டுபிடிக்க மாட்டார்கள், ஆனால் திரை இருட்டிக்கொண்டே வருவதை உணர்வார்கள்.

பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப் பக்கம் இதற்கு மாறான ஒரு மரபு வாழ்கிறது. கேரளத்தின் பத்ரகாளி கோயில்களில் கூத்துமாடம் என்னும் தனிக் கட்டடத்தில் கம்பராமாயணத்தைத் தமிழ்ப் பாடல்களாகவே பாடி ஆடுகிறார்கள். அங்கே வரிசையாக 21 விளக்குகள். பாவைகள் ஒளி புகாதவை. திரையில் கறுப்பாகவே விழும். பார்க்க மனிதர் யாரும் வராவிட்டாலும் அம்மனுக்காக விடிய விடிய ஆட்டம் நடக்கும். இக்கலையின் ராமச்சந்திரப் புலவருக்கு 2021இல் பத்மஸ்ரீ கிடைத்தது. தோல்பாவைக் கலைஞர்களான ஆந்திரத்தின் தளவாய் சலபதி ராவுக்கு 2020இலும், கர்நாடகத்தின் பீமவ்வாவுக்கு 2025இலும் கிடைத்தது. வண்ணம் ஊடுருவும் தமிழகப் பாவையா, கறுப்பாக விழும் கேரளப் பாவையா என்ற தேர்வு இயக்குநருடையது. நல்லதங்காளை வண்ணத்திலும் அலங்காரியை முழுக் கறுப்பிலும் வைப்பது கையெட்டும் தூரத்திலுள்ள உத்தி. அதனாலேயே சற்று மலிவானது. பஞ்ச காலத்தில் கதவைச் சாத்துகிறவளுக்கும் ஒரு பயம் இருக்கும். அவளையும் வண்ணத்தில் வைத்து, அவள் பின்னால் அடைத்த கதவை மட்டும் கறுப்பாக்கினால் கதை இன்னும் கடுமையாகும்.

திரைக்கான துணி விஷயத்தில், பனியன் தொழில் நடக்கும் திருப்பூர்ப் பகுதிக்கு வெளியாரின் யோசனை தேவைப்படாது. திருப்பூரிலிருந்து தாராபுரம் போகும் சாலையிலுள்ள அவிநாசிபாளையத்தில் இப்படியொரு ஆட்டத்தைப் போடுவதாக வைத்துக்கொள்வோம். கைக்கு முதலில் கிடைப்பது பனியன் துணிதான், ஆனால் அது திரைக்கு ஆகாது. சிங்கிள் ஜெர்சியை இழுத்துக் கட்டினால் ஓரம் சுருண்டுகொள்ளும்; கண்ணிகள் விரிந்து விளக்கின் வெளிச்சம் கோடுகோடாகக் கசியும். இன்டர்லாக் சுருளாது என்றாலும் நடுவில் தொய்ந்துவிடும். தொய்ந்த இடத்தில் பாவை துணியோடு ஒட்டாமல் மங்கும். பல்லடம், சோமனூர்த் தறிகளில் ஓடும் காடா துணி இழுத்தால் விறைப்பாக நிற்கும். ஆனால் வெளுக்காத காடாவில் பருத்திச் சருகு தங்கியிருக்கும். பின்னால் விளக்கெரியும்போது ஒவ்வொரு துகளும் கரும்புள்ளியாகத் தெரியும். சலவை செய்த காடாவோ பழைய கூத்துக்காரர்கள் கட்டும் வேட்டியோ போதும். மல் துணி அளவுக்கு மெல்லியதானால் விளக்கே கண்ணைக் குத்தும். அகலம் போதவில்லை என்று இரண்டு துணியை இணைத்தால் தையல் மடிப்பு கம்பமாய் நடுவில் நிற்கும். இணைத்தே ஆக வேண்டுமென்றால் மடிப்பை வீட்டுச் சுவராகவோ மரமாகவோ காட்சிக்குள் சேர்த்துக்கொள்வதுதான் வழி.

விளக்கின் கணக்கு எளிது. விளக்கு துணியிலிருந்து 3 மீட்டர் தள்ளி இருக்கட்டும். 45 சென்டிமீட்டர் பாவையைத் துணியோடு ஒட்டிப் பிடித்தால் நிழலும் அதே உயரம், விளிம்பு கூர்மை. விளக்கிலிருந்து ஒன்றரை மீட்டரில் பிடித்தால் நிழல் இரு மடங்கு. 1 மீட்டரில் பிடித்தால் மும்மடங்கு, அதாவது 135 சென்டிமீட்டர். பெருத்த நிழல் மங்கவும் செய்யும். எவ்வளவு மங்கும் என்பது விளக்கின் அளவைப் பொறுத்தது. ஒளிவிடும் பகுதி 1 சென்டிமீட்டர் அகலமிருந்தால், மும்மடங்கு நிழலின் விளிம்பு 2 சென்டிமீட்டர் அகலத்துக்குக் கலங்கும். டியூப் லைட் பயன்படாததற்குக் காரணம் இதுதான்: நாலடி நீள ஒளியில் நிழல் கரைந்துபோகும். மேல்மூடி கழற்றிய ஒற்றை எல்.இ.டி. வில்லையும் சிறிய ஆலஜன் பல்பும் நல்ல நிழல் தரும். ஒத்திகைக்குக் கைப்பேசி டார்ச்சே போதுமானது.

எண்ணெய் விளக்கிலிருந்து பெட்ரோமாக்சுக்கும் பிறகு பல்புக்கும் மாறியபோது ஒன்று இழக்கப்பட்டது. சுடர் ஆடும்போது பாவையை அசைக்காமல் பிடித்திருந்தாலும் நிழல் மூச்சுவிட்டுக்கொண்டிருக்கும். எல்.இ.டி. அப்படியே உறைந்து நிற்கிறது. ஆகவே ஆட்டுபவர் சும்மா நிற்கும் பாவைக்கும் ஒரு சிறு அசைவைக் கையால் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த அசைவை நிறுத்துவதே சாவைக் காட்டும் வழியும் ஆகிறது. உண்மைச் சுடரைத்தான் வைப்பேன் என்பவர்கள் துணிக்கும் சுடருக்கும் இடைவெளி விட்டு, மணல் வாளியும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கிணற்றுக் காட்சிக்கு வருவோம். கொங்கு நாட்டு இறவைக் கிணறுகளைப் பார்த்து வளர்ந்தவர் ஒருவர் திரையில் கிணற்றை வெட்டி வைக்கவே விரும்புவார்: சுற்றுச்சுவர், கமலை, படிக்கட்டு எல்லாம். அவை வேண்டியதில்லை. திரையின் கீழ்விளிம்பே கிணற்றின் வாய். பாவை அந்த விளிம்பைத் தாண்டிக் கீழே போனால் விழுந்தது என்று பொருள். அதற்குக் கீழே கறுப்புத் துணி கட்டுவது ஏற்கெனவே உள்ள வழக்கம். ஏழு முறை விழ வேண்டும் என்பதுதான் இயக்குநருக்கு உண்மையான சோதனை. ஏழையும் ஒரே வேகத்தில் போட்டால் நான்காவதிலேயே மனம் மரத்துவிடும். முதல் பிள்ளைக்கு நீண்ட நேரம் எடுத்து, அடுத்த ஐந்தையும் மூச்சுவிடாமல் முடித்து, தப்பி ஓடப் பார்க்கும் மூத்தவனுக்கு மறுபடி நேரம் கொடுக்கலாம். ஆர்மோனியம் எங்கே நிற்கிறது என்பது இங்கே வெளிச்சத்தைவிட முக்கியம். தண்ணீர் விழும் சத்தத்தைக் கருவியில் சேர்க்கும் ஆசையை அடக்கிக்கொள்வது நல்லது.

அதற்கு முன்னால் கோமாளிகள். தமிழகத் தோற்பாவையின் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் எந்தக் கதையிலும் நுழைவார்கள், எவரையும் கேலி செய்வார்கள், உள்ளூர்ச் சங்கதி பேசுவார்கள். நகர மேடைக்கு ஏற்றதாக்குகிறோம் என்று முதலில் வெட்டப்படுபவர்கள் இவர்கள்தான். அது தவறான கத்திரி. ஒன்றரை மணி நேரம் துயரத்தையே தொடர்ந்து பார்க்க யாராலும் முடியாது. உச்சிக்குடும்பன் அலங்காரி வீட்டுச் சோற்றை எட்டிப் பார்த்து வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகுதான் கதவடைப்பு உறைக்கும். அவிநாசிபாளையத்தில் அவர்கள் நூல் விலையையும் ஓவர்டைம் பாக்கியையும் பேசட்டும். கிணற்றடிக்கு மட்டும் அவர்கள் வரக் கூடாது.

கொங்குப் பகுதியில் இன்னொரு கவனமும் தேவை. அண்ணன்மார் கதையில் பொன்னர், சங்கரின் தங்கைக்கும் அருக்காணி நல்லதங்காள் என்றே பெயர். உடுக்கைப் பாட்டாக ஊர் ஊராகப் பாடப்பட்ட கதை அது; ஆய்வாளர் பிரெண்டா பெக் 1965இல் காங்கேயம் அருகே ஓலப்பாளையத்தில் முழுக்க ஒலிப்பதிவு செய்ததும் அதைத்தான். சுவரொட்டியில் 'நல்லதங்காள்' என்று மட்டும் போட்டால் உள்ளூர்க்காரர்களில் ஒரு பகுதியினர் அண்ணன்மாரின் தங்கையை எதிர்பார்த்து வந்து உட்காருவார்கள். மதுரை, விருதுநகர், தேனிப் பக்கமிருந்து பனியன் வேலைக்கு வந்து குடியேறியவர்களுக்கு அர்ச்சுனாபுரத்துக்காரி தெரியும். இரண்டுமே அண்ணன் வீட்டுக்கும் தங்கைக்கும் உள்ள பந்தத்தைப் பேசுபவை என்பதால், தொடக்கத்திலேயே உச்சிக்குடும்பன் வாயால் இந்த வேறுபாட்டைச் சொல்லிவிடலாம்.

முடிவை எப்படி வைப்பது என்பதில் கலைக்கு வெளியே ஒரு பொறுப்பும் சேர்ந்துகொள்கிறது. குடும்பச் சண்டையில் பெண்கள் பிள்ளைகளோடு உயிரை மாய்த்துக்கொள்ளும் செய்திகள் இன்றும் வருகின்றன. நல்லதங்காளின் சாவைப் பத்தினித்தனத்தின் உச்சமாக, தெய்வமாகும் வழியாகக் காட்டும் வடிவம் அந்தச் செய்திகளுக்கு நடுவே சரிப்படாது. பஞ்சத்துக்கும் பூட்டிய கதவுக்கும் அதிக நேரம் ஒதுக்கி, சாவைச் சுருக்குவது ஒரு தீர்வு. வழியில் அவள் உதவி கேட்டிருக்கக்கூடிய வீடுகளை நிழலாகக் காட்டுவது இன்னொன்று. சிவன் பார்வதி எழுப்பும் வடிவத்தை எடுத்தால், கீழ்விளிம்புக்குள் போன பிள்ளைகள் அதே விளிம்பிலிருந்து மேலேறி வர வேண்டியிருக்கும். விழுந்ததை அத்தனை அழுத்தமாகக் காட்டிய பிறகு இது திரையில் நம்பும்படி அமைவதில்லை. எழுப்புவதைப் பாட்டில் மட்டும் சொல்லிவிட்டு, துணியை வெறுமையாக விடுவது கண்ணுக்குப் பொருந்துகிறது. பார்க்க வருபவர்களுக்கு ஒன்றிரண்டு வரி அறிவிப்பும் தேவைப்படலாம்: இது பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கான ஆட்டம் அல்ல என்று. பொம்மையைக் கண்டதும் குழந்தைகளை முன்வரிசையில் உட்கார வைப்பது நம் வழக்கம்.

ஒத்திகையில் இயக்குநர் துணிக்கு முன்னால்தான் உட்கார வேண்டும். பின்னாலிருப்பவருக்குப் பாவை தெரியும், நிழல் எப்படி விழுகிறதென்று முழுதாகத் தெரியாது. இடமும் வலமும் மாறியிருக்கும். முன்னால் ஒரு கைப்பேசியை நிறுத்தி ஒத்திகையைப் படமெடுத்து அன்றே ஆட்டுபவருக்குப் போட்டுக் காட்டினால் பாதி விவாதம் மிச்சம்.

நாள் குறிப்பதில் ஊரின் வேலை முறையைப் பார்க்க வேண்டும். சனிக்கிழமை சம்பளம், ஞாயிறு விடுமுறை என்று ஓடும் பகுதியில் சனி இரவு கடைவீதிக்குப் போகும். ஞாயிறு மாலை இருட்டியதும் தொடங்குவது வசதி. கோயில் திடலில் நடத்துவதானால் ஊராட்சியிடம் சொல்லித் தெருவிளக்கை அணைக்க ஏற்பாடு செய்ய வேண்டும். முன்பக்கமிருந்து துணியில் படும் எந்த வெளிச்சமும் நிழலை வெளுக்கச் செய்யும், உயர்த்திப் பிடித்த கைப்பேசிகள் உட்பட. 45 சென்டிமீட்டர் பாவையின் கையசைவு ஏறக்குறைய 15 மீட்டருக்கு அப்பால் உட்காருபவருக்குத் தெரியாது. ஆகவே இருநூறு பேருக்கு மேல் கூட்டம் எதிர்பார்த்தால், கேமரா வைத்துப் பெரிய எல்.இ.டி. திரையில் காட்டுவதைவிட, ஏழு மணிக்கு ஒன்று, ஒன்பதரைக்கு ஒன்று என இரண்டு ஆட்டங்களாகப் பிரித்துக்கொள்வதே ஆட்டுபவருக்கும் பார்ப்பவருக்கும் நல்லது.